எடை பார்த்து, பாதம் வரைந்து

நீர்ச்சறுக்குப் பலகை கேட்டு வரும் அப்பா அம்மாக்கள் முதலில் சொல்வது பிள்ளையின் வயதையும் உயரத்தையும்தான். "பத்து வயசு சார். ஆனா அவ அண்ணன் தோளுக்கு வந்துட்டா." எனக்கு அதெல்லாம் அப்புறம். முதலில் எடை. டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குள் அழைத்துப் போய், அரிசி மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை ஏறச் சொல்வேன். கடைக்காரர் பஞ்சாபி. இட்லி அரிசிக்கும் பொன்னிக்கும் தமிழிலேயே விலை சொல்லிப் பழகியவர். பிள்ளை ஏறியதும் எண்ணை உரக்கப் படிப்பார்: "இருபத்தேழு முந்நூறு!" பக்கத்தில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும் மாமிகள் திரும்பிப் பார்ப்பார்கள். பிள்ளைக்குக் கூச்சம். எனக்கு வேண்டிய முதல் கணக்கு கைக்கு வந்துவிடும்.

படகு இழுக்கும்போது ஆளைத் தண்ணீருக்கு மேலே தாங்குவது பலகையின் பரப்பும் படகின் வேகமும் சேர்ந்துதான். பரப்பு குறைந்தால் வேகம் கூட வேண்டும். பிள்ளைகளுக்கு வேகம் கூட்டக் கூடாது. முப்பது கிலோவுக்குள் இருக்கும் பிள்ளையை மணிக்கு 20, 25 கிலோமீட்டருக்கு மேல் இழுக்க நான் சம்மதிப்பதில்லை. வளர்ந்தவர்கள் இரட்டைப் பலகையில் 35, 40 வரை போகலாம். அந்தந்த வேகத்தில் அந்தந்த எடையைத் தாங்கும் நீளம்தான் பலகையின் அளவு. சின்னப் பிள்ளைகளின் பயிற்சிப் பலகை 46 அங்குலத்தை ஒட்டியிருக்கும். வளர்ந்தவர்களுக்கான ஜோடி பெரும்பாலும் 67 அங்குலம். நடுவில் இருப்பவர்களுக்கு நடுவில் சில அளவுகள். அப்பாவின் பலகையில் மகளை நிறுத்தினால் மிதக்கத்தான் செய்வாள். ஆனால் அந்த நீளத்தைத் திருப்ப அவள் காலுக்கு வலு இருக்காது. நுனிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். விழுவாள். நாலு தடவை விழுந்த பிள்ளை ஐந்தாவது தடவை தண்ணீரில் இறங்காது.

நான் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவன். 1780-இல் தொடங்கிய படைப்பிரிவு அது; அதன் மையம் பெங்களூரு அல்சூர் ஏரியை ஒட்டி இருக்கிறது. ஆற்றைக் கடக்கும் படகும், அதன் பின்னால் மாட்டும் மோட்டாரும் எங்களுக்கு அன்றாட வேலை. அதே படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகையில் நிற்கலாம் என்று ஒரு மேலதிகாரி காட்டிக் கொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகு, மனைவியின் மத்திய அரசு வேலைக்காக லட்சுமிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். கோடையில் குடும்பங்களை ஏரிக்கு அழைத்துப் போய்க் கற்றுக்கொடுப்பேன். மற்ற நாட்களில் பலகை, அதில் காலைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங், ஜாக்கெட் எல்லாவற்றையும் பழுது பார்த்து, ஆளுக்குப் பொருத்திக் கொடுப்பேன். மார்க்கெட்டின் உள்சந்தில் பீங்கான் சாமான் விற்கும் நண்பர் கடையின் பின்பக்கம் ஒரு மூலை ஒதுக்கித் தந்திருக்கிறார். தட்டும் கோப்பையும் அடுக்கிய அலமாரிக்கு நடுவே என் பட்டறை.

இந்த வேலைக்கு இதைவிடத் தோதான இடம் டெல்லியில் இல்லை என்றே நினைக்கிறேன். விளையாட்டுச் சாமான் கடைகள் எத்தனையோ உண்டு. அங்கே கிரிக்கெட் மட்டையும் ஷட்டில் ராக்கெட்டும்தான் ஓடும். நீர்ச்சறுக்குப் பலகையை நம்மூரில் கடையில் அடுக்கி விற்பவர் இல்லை. சொந்தமாகப் பலகை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பங்கள், தூதரகத்துக்காரர்கள், வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பிய நம்மவர்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான கடைத்தெரு ஐ.என்.ஏ. ஒருவருக்கு வஞ்சிர மீன் வேண்டும், ஒருவருக்கு வாழைப்பூ, இன்னொருவருக்கு வெளிநாட்டுச் சீஸும் எலுமிச்சைப் புல்லும். மீன் சந்தில் தண்ணீர் வழியும் தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடக்கும்போது இவர்களில் யாராவது ஒருவரைப் பார்த்துவிடுவேன்.

செய்தி கொண்டுவருவது முக்கால்வாசி சமையற்காரர்கள். தூதரகங்கள் இருக்கும் சாணக்கியபுரி வீடுகளில் வேலை செய்யும் தமிழ், மலையாள, வங்காளச் சமையற்காரர்கள் காலையில் மீன் வாங்க வருவார்கள். ஒருநாள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, எங்க சார் வீட்ல அடுத்த மாசம் மூட்டை கட்றாங்க. மாடி ரூம்ல ரெண்டு நீளப் பலகை கிடக்கு. பனியில வழுக்குறதா, தண்ணியில வழுக்குறதான்னு எனக்குத் தெரியல."

"ஓரத்துல இரும்புப் பட்டை இருக்கா தம்பி?"

"இல்லண்ணே. அடியில சின்னதா மீன் துடுப்பு மாதிரி ஒண்ணு இருக்கு. மேல ரப்பர் செருப்பு."

அதுபோதும். பனிப்பலகை ஒடுக்கமாக இருக்கும், ஓரத்தில் எஃகுப் பட்டை ஓடும், பூட்ஸைக் கவ்வும் பூட்டு இருக்கும். தண்ணீர்ப் பலகை அகலம், அடியில் துடுப்பு, பாதத்தை நேராக உள்ளே நுழைக்கும் ரப்பர் பைண்டிங். மாற்றல் காலம் வந்தால், கோடை விடுமுறையை ஒட்டி, இப்படி ஜோடிகள் வெளியே வரும். கண்டெய்னரில் ஏற்றிக்கொண்டு போவதைவிட நல்ல கைக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. புதிதாக வரவழைப்பதென்றால் ஓ'பிரையன், கானெலி, எச்.ஓ. போன்ற பெயர்களில் வளர்ந்தவர்களுக்கான சாதாரண ஜோடியே அமெரிக்காவில் 250 முதல் 400 டாலர் வரை ஆகும். அதன்மேல் ஐந்தரை அடிப் பெட்டிக்கு விமானக் கூலி, சுங்கம். அரசு ஊழியர் குடும்பம் அதைச் சுமக்க வேண்டிய அவசியமே இல்லை.

பழைய ஜோடியை வாங்கும்போது நான் செய்வது எளிது. விரல் முட்டியால் நுனியிலிருந்து வால் வரை தட்டிப் பார்ப்பேன். உள்ளே ஒட்டு விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் சத்தம் மாறும். பிறகு இரண்டு பலகையையும் தனித்தனியே தராசில் வைப்பேன். ஒன்று மற்றொன்றைவிடக் கனமாக இருந்தால் திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்நுரைக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஜோடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். வர்ணம் போனதையோ கீறலையோ நான் கவனிப்பதே இல்லை. ஒன்றை மட்டும் விடாமல் கேட்பேன்: டெல்லியில் எங்கே வைத்திருந்தீர்கள்? மே மாத மொட்டை மாடியில் ஒரு கோடை கிடந்தாலே ரப்பர் செத்துவிடும். கட்டைவிரலால் குதிகால் ரப்பரை இழுத்துப் பிடித்தால் நரை முடி அளவுக்குச் சன்னமான வெடிப்புகள் தெரியும். பலகை நன்றாக இருந்து ரப்பர் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. பழைய ரப்பரையே அச்சாக வைத்துப் புது ரப்பர் வெட்டிப் பொருத்திவிடலாம். துருப்பிடிக்காத எஃகுத் திருகு பக்கத்திலேயே கோட்லா முபாரக்பூரில் கிடைக்கிறது. பழைய திருகின் நீளத்தைவிட ஒரு நூல் அளவும் கூடக் கூடாது. கூடினால் அது பலகையின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஆனால் பலகைக்கு முன்னால் ஜாக்கெட்டைப் பற்றிப் பேச வேண்டும். வாங்குபவர்கள் வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு வருகிறார்கள். பளபளப்பான பலகைக்குக் காசை எல்லாம் கொட்டிவிட்டு, "லைஃப் ஜாக்கெட் எங்கயாவது வாடகைக்குக் கிடைக்குமா சார்?" என்று கேட்கிறார்கள். இதை மாற்றுவதற்குத்தான் இத்தனை வருஷமாக நான் வாய் வலிக்கப் பேசி வருகிறேன். என் கணக்கு இதுதான். ஒரு படகின் பின்னால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் சறுக்குவார். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஐந்து ஜோடி பலகை வேண்டாம். பெரியவர்களுக்கு ஒன்று, சின்னவர்களுக்கு ஒன்று என இரண்டு ஜோடி போதும். ஆனால் படகில் உட்கார்ந்திருப்பவர்களும் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். ஆகவே ஐந்து பேருக்கு ஐந்து ஜாக்கெட், அவரவர் உடம்புக்கு. காசு குறைவாக இருந்தால் பலகையில் குறையுங்கள், பழசாக வாங்குங்கள், பக்கத்து வீட்டோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கிதுவாய் நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். மகன் பதின்மூன்று, மகள் பத்து. இருவரும் லட்சுமிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் படிப்பவர்கள். அம்மா பையிலிருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்தார். தெரிந்தவர் கொடுத்ததாம். வளர்ந்த ஆள் போடுவது. "வளர்ற பொண்ணு சார். இப்ப கொஞ்சம் பெரிசா இருந்தாலும் ரெண்டு மூணு வருஷத்துல சரியாயிடும்" என்றார். நம் வீடுகளில் அப்படித்தானே பழகியிருக்கிறோம். பாவாடையில் டக் பிடித்துத் தைத்து, வருஷா வருஷம் ஒரு டக்கைப் பிரித்துவிட்டு மூன்று தீபாவளி ஓட்டுவோம். அந்த அம்மாவின் கணக்கில் தவறில்லை. துணிக்கு அது சரியான கணக்கு.

நான் பதில் சொல்லாமல் பெண்ணுக்கு ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, பக்கிள் எல்லாவற்றையும் இறுக்கி, இரண்டு கையையும் மேலே தூக்கச் சொன்னேன். தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுத்தேன். ஜாக்கெட் அவள் மோவாயைத் தாண்டி மூக்கு வரை வந்து நின்றது. உள்ளிருந்து கண்கள் மட்டும் தெரிந்தன. "தண்ணியில விழும்போது தண்ணி இதைத்தான் செய்யும்மா. ஜாக்கெட் மேல போகும், உங்க பொண்ணு கீழ போவா." அவர் எட்டி வந்து தானே பக்கிளைக் கழற்றினார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜாக்கெட்டின் உள்பக்கச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது பெற்றோருக்கு அவசியம். அமெரிக்கச் சீட்டாக இருந்தால் எடையைப் பவுண்டில் போட்டிருக்கும்: 30 முதல் 50 வரை சின்னப் பிள்ளை, அதாவது நம் கணக்கில் 14 முதல் 23 கிலோ, 50 முதல் 90 வரை வளரும் பிள்ளை, அதாவது 41 கிலோ வரை. அதற்கு மேல் வளர்ந்தவர் அளவு. அங்கே எடையைவிட மார்புச் சுற்றளவுதான் கணக்கு. ஐரோப்பியச் சீட்டில் 50, 100, 150 என்று நியூட்டன் கணக்கு இருக்கும். அது மிதக்கும் வலு. 50 என்பது நீச்சல் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்திலேயே இருக்கும்போது. சறுக்குகிறவர்கள் பெரும்பாலும் போடுவது அதுதான், ஏனென்றால் அதில்தான் கையும் தோளும் தடையில்லாமல் அசையும். அதனாலேயே நீச்சல் தெரியாத பிள்ளையை நான் கயிற்றில் ஏற்றுவதில்லை. முதலில் தல்கட்டோரா குளத்தில் ஒரு கோடை நீந்தப் பழகட்டும், அடுத்த கோடை பலகை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். வருத்தத்தோடு போவார்கள். பெரும்பாலோர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

படகுத் துறைகளில் குவித்து வைத்திருக்கும் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாடா வைத்து முன்னால் முடிச்சுப் போடும் வகை. அக்கரைக்குப் போகும் படகில் உட்கார்ந்து செல்ல அது உதவும். சறுக்கி விழும் வேகத்தில் முடிச்சு நிற்காது. உடம்பைச் சுற்றி மூன்று, நான்கு பட்டைகள் ஓடி, ஒவ்வொன்றும் பக்கிளில் பூட்டுவதுதான் நமக்கு வேண்டும். வடக்கே ஓர் ஏரியில் எல்லா வயதுக்கும் ஒரே அளவு ஜாக்கெட்டை நீட்டினார்கள். என்னோடு வந்த பிள்ளைகளைக் கரையிலேயே உட்கார வைத்துவிட்டு, மறுநாள் எங்கள் ஜாக்கெட்டை வரவழைத்த பிறகே தண்ணீரில் இறக்கினேன். ஒருநாள் படகுக் கட்டணம் போனது. அந்தப் பெற்றோர் யாரும் முகம் சுளிக்கவில்லை.

போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் குடும்பம் யாராவது வந்தால் நான் தவறாமல் ஒன்று சொல்வேன். ஒரு காலத்தில் உலகம் முழுக்க லைஃப் ஜாக்கெட்டுக்குள் அடைத்தது உங்கள் ஊரில் விளைகிற அதே இலவம் பஞ்சைத்தான். இலவம் பஞ்சின் நாரில் மெழுகுப் பூச்சு உண்டு, உள்ளே காற்று அடைபட்டிருக்கும். தண்ணீரை எளிதில் இழுக்காது. அந்நாளில் அது ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் மற்ற நாட்டுக் கடற்படைகள் மாற்றுப் பஞ்சு தேடி அலைந்தன. ஆனால் எண்ணெய் பட்டாலும், அமுங்கி அமுங்கிக் காற்றை இழந்தாலும் இலவம் பஞ்சு மிதக்கும் வலுவை விட்டுவிடும். பிறகு நுரை வந்தது. நுரைக்கும் அதே நோய் உண்டு, மெதுவாக. இருக்கைக்கு அடியில் வருஷக்கணக்கில் மிதிபட்டு நசுங்கிய ஜாக்கெட்டைக் கையால் அமுக்கினால் மெத்தென்று எழாமல் தட்டையாகவே கிடக்கும். அதைப் பழைய சாமானாகக்கூட விற்கக் கூடாது. குறுக்கே வெட்டிவிட்டு எறிய வேண்டும். பலகையைப் பழசாக வாங்கலாம் என்று சொல்லும் நான் ஜாக்கெட்டைப் புதிதாக வாங்கச் சொல்வது இதனால்தான். வாங்கிய பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளையை இறக்கி, முழங்காலை மடக்கி மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். மோவாய் தண்ணீருக்கு மேல் நின்றால் அந்த வருஷத்துக்குச் சரி.

பாதத்துக்கு வருகிறேன். வளரும் பிள்ளைக்கு இடம் விட்டு வாங்கக்கூடிய ஒரே பொருள் பைண்டிங்தான். அதுவும் நகரும் வகையாக இருந்தால். குதிகால் பகுதி தடத்தில் முன்னும் பின்னும் நகர்ந்து பூட்டிக்கொள்ளும். நல்ல சிறுவர் ஜோடி ஒன்று நாலைந்து செருப்பு அளவுகளுக்கு ஓடும். பெரியவர் ஜோடி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பதினைந்து வயது மகனுக்கும் சேர்ந்தே பொருந்தும். குடும்பத்துக்கு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் அங்கே பிடிக்கலாம். ஆனால் ஒவ்வொருவரும் ஏறும் முன் குதிகாலை நகர்த்தி மறுபடி பூட்ட வேண்டும். "இந்த ஒரு ரவுண்டுக்குப் பரவாயில்லை" என்று யாரும் சொல்லக் கூடாது.

அளவு எடுக்க மளிகைக் கடைக் காக்கிக் காகிதத்தில் பாதத்தை வரைவேன். சாயங்காலமாக, நடந்து கால் சற்று உப்பியிருக்கும் நேரத்தில். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு காலையும் வரைய வேண்டும். யாருக்கும் இரண்டு பாதமும் ஒன்று போல் இருப்பதில்லை. பைண்டிங்கில் அச்சிட்டிருப்பது அமெரிக்க எண். நம் பாட்டா எண் பிரிட்டிஷ் வழி. நாம் எட்டு போடுகிற ஆம்பிளைக் கால் அவர்களுக்கு ஒன்பது. பிள்ளைகள் அளவில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். அதனால் எண்ணைப் பற்றிப் பேசவே மாட்டேன், சென்டிமீட்டரில் எழுதிக்கொள்வேன். ஒவ்வொரு பிள்ளையின் காகிதத்திலும் தேதி போட்டு மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த கோடையில் அதே காகிதத்தின் மேல் அதே பாதத்தை வைத்து வேறு நிறப் பென்சிலால் வரைந்தால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அம்மாக்களே பார்த்துவிடுவார்கள்.

பைண்டிங் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லால் விளக்குவது கடினம். உலர்ந்த காலை நுழைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றி, தேவைப்பட்டால் துளி ஷாம்பு தடவி நுழைக்க வேண்டும். எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது ரப்பரைத் தின்றுவிடும். நுழைத்த பிறகு பலகையைத் தரையிலிருந்து தூக்கினால் அது காலோடு வர வேண்டும். அதே பலகையை நான் பிடித்துக்கொண்டு பிள்ளை காலைத் திருகி இழுத்தால் கழன்று வர வேண்டும். இரண்டும் நடந்தால் சரி. இதைவிட முக்கியமானது, இரண்டு காலும் ஒரே அளவு இறுக்கமாக இருப்பது. விழும்போது இரண்டு பலகையும் கழன்றால் வெறும் தண்ணீர்க் குளியல். இரண்டும் கழலாவிட்டாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஒன்று கழன்று மற்றது பிடித்துக்கொண்டால்தான் முழங்கால் திருகும். நான் பார்த்த காயங்களில் அதிகமும் இந்த வகை.

விரும்பிக் கேட்கும் பிள்ளைகளுக்கு, நீர்ச்சறுக்கைக் கண்டுபிடித்த ரால்ஃப் சாமுவேல்சன் கதையைச் சொல்வேன். அமெரிக்காவின் மினசோட்டாவில் லேக் சிட்டி என்ற ஊர். 1922 ஜூலை 2, அவருடைய பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், பெப்பின் ஏரியில் அண்ணன் பென் படகோட்ட, தண்ணீர் மேல் நின்று காட்டினார். அதற்கு முன் பீப்பாய்ப் பலகையைக் கட்டிப் பார்த்தார், பனிப்பலகையைக் கட்டிப் பார்த்தார், இரண்டும் முழுகின. பிறகு எட்டடி நீளம், ஒன்பது அங்குல அகலத்தில் இரண்டு பைன் பலகைகள் வாங்கி, அம்மாவின் செப்புப் பாத்திரத்தில் நுனியைக் கொதிக்கவைத்து மேல்நோக்கி வளைத்தார். நடுவில் தோல் பட்டை. ஜன்னல் கயிறுதான் இழுகயிறு. கைப்பிடிக்குக் கொல்லன் அடித்துத் தந்த இரும்பு வளையம். கடையில் ஒன்றும் கிடைக்காத காலத்தில் தன் எடைக்கும் தன் அண்ணன் படகின் மெதுவான வேகத்துக்கும் தோதாக அத்தனை பெரிய பலகையை அவர் செய்துகொண்டார். இன்றைய பெரியவர் பலகையைவிட இரண்டு அடிக்கும் மேலே நீளம். படகுகள் வேகமானதும் பலகை சுருங்கிற்று. பின்னால் சாய்ந்து நுனியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்ததுதான் அவர் கண்டுபிடிப்பின் உயிர். இன்றும் முதல் பாடம் அதுவே.

அந்தப் பாடத்தைக் கடையின் பின்னாலேயே தொடங்கிவிடுவேன். பிள்ளை தரையில் குந்தி உட்கார வேண்டும், முழங்கால் மார்பைத் தொடும்படி. கைப்பிடியை நீட்டிய கையில் பிடிக்க வேண்டும். நான் கயிற்றை மெல்ல இழுப்பேன். எல்லாப் பிள்ளைகளும் கையை மடக்கித் தங்கள் பக்கம் இழுப்பார்கள்; அல்லது சட்டென்று எழுந்து நிற்பார்கள். "கை நீட்டியே இருக்கணும். நீ எழுந்திருக்காதே, படகு உன்னை எழுப்பும்." இந்த ஒரு வாக்கியத்தை உடம்பு புரிந்துகொள்ளும்வரை தரையில்தான் பாடம். கைச் சாடையும் அங்கேயே. கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, கழுத்தில் கை குறுக்கே போனால் எஞ்சினை நிறுத்து, உச்சந்தலையில் கை வைத்தால் கரைக்குத் திரும்பு. விழுந்தவுடன் கையை உயர்த்திக் காட்டினால் அடிபடவில்லை என்று பொருள். இதைப் பார்க்கவென்றே படகில் இன்னொருவர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். ஓட்டுகிறவர் முன்னால்தான் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இந்த வேலைக்கு அம்மாக்களைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். கண் எடுக்க மாட்டார்கள்.

கயிறு பற்றிச் சுருக்கமாக. கைப்பிடியோடு சேர்த்து 75 அடி. மிதக்க வேண்டும். கடைத்தெருவில் கிடைக்கும் நைலான் கயிறு வலுவானதுதான், ஆனால் தண்ணீரில் மூழ்கும், ரப்பராக நீளும், அறுந்தால் படகை நோக்கிச் சாட்டையாகத் திரும்பும். ஒரு முழம் வெட்டி வாங்கிவந்து வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முடிச்சு விழுந்த கயிற்றை முடிச்சோடு பயன்படுத்தக் கூடாது; அந்த இடம்தான் முதலில் அறும். பிள்ளைகளின் கைப்பிடி அவர்கள் விரல் சுற்றி வளையும் அளவு ஒல்லியாக இருக்கட்டும். பெரியவர் கைப்பிடியைப் பிடித்த பிள்ளைக்கு முன்கைதான் முதலில் களைக்கும், கால் இல்லை.

டெல்லியில் சறுக்கத் தண்ணீர் இல்லை. காளிந்தி குஞ்சில் யமுனை நுரைத்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். அதே யமுனை டேராடூனுக்கு மேற்கே தெளிவாக வரும் இடத்தில், 1967-இல் கட்டிய ஆசன் தடுப்பணை இருக்கிறது. உத்தராகண்ட் அரசின் சுற்றுலா நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் அங்கே படகுத் துறை நடத்துகிறது. தண்ணீர் அமைதியாகக் கிடக்கும், ஆழமும் பயமுறுத்தாது. முதல் தடவை கற்பவர்களுக்கு அதுவே என் முதல் தேர்வு. 2020-இல் அது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சர் ஈரநிலமானது, உத்தராகண்டில் முதலாவது. குளிர்காலத்தில் தாராக்களும் பிற வலசைப் பறவைகளும் வந்திறங்கும். அந்த மாதங்களில் நான் யாரையும் அங்கே அழைத்துப் போவதில்லை, தண்ணீர் அவர்களுடையது. ஏப்ரல், மே, ஜூன் நமக்குப் போதும். தெஹ்ரி ஏரி பெரியது, ஆனால் மலைத் தண்ணீர், பிள்ளைகள் நடுங்கிவிடுவார்கள். அங்கே போனால் குளிர் தாங்கும் வெட்சூட் வேண்டும். வெட்சூட் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு விழுகைக்கும் புதுக் குளிர் நீர் உள்ளே புகுந்து வெளியேறும், போட்டும் பயனில்லை. அதனாலேயே பிள்ளைகளுக்கு வெட்சூட் வாங்கச் சொல்வதில்லை. ஒரு கோடைக்கு மேல் பொருந்தாத சாமானுக்கு அத்தனை காசு எதற்கு? வெயில் இருக்கும் ஊருக்கு, வெயில் இருக்கும் மாதத்தில் போகலாம்.

கிதுவாய் நகர்க் குடும்பம் கடைசியில் வாங்கியது இவ்வளவு: நான்கு புது ஜாக்கெட், ஒரு புதுக் கயிறு, சமையற்காரத் தம்பி சொன்ன வீட்டிலிருந்து வந்த 67 அங்குல ஜோடி. மகளுக்கான சிறுவர் ஜோடியை விலைக்கு வாங்க வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். என்னிடம் இருக்கும் ஜோடிகள் வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டே இருப்பவை. நுனியில் குறுக்குக் கட்டை பூட்டி, பிள்ளையின் கால்கள் அகன்று போகாமல் பிடிக்கும் பயிற்சிப் பலகைகள் அவை. ஒரு பிள்ளை நாற்பது கிலோவைத் தொட்டதும் ஜோடி என்னிடம் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. வாங்கும் வீட்டார் ரப்பருக்கும் திருகுக்கும் உண்டான செலவை மட்டும் தருவார்கள். ஒரு ஜோடி அப்படி ஆர்.கே. புரம், சரோஜினி நகர், நொய்டா என்று சுற்றி வந்திருக்கிறது. அதன் வால்பக்கத்தில் ஏறிய பிள்ளைகள் எல்லோரும் தங்கள் பெயரின் முதல் எழுத்தைப் பெயிண்டால் எழுதியிருக்கிறார்கள். இடம் தீர்ந்து இப்போது அடிப்பக்கத்தில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த ஜோடி இப்போது கிதுவாய் நகர்ப் பெண்ணிடம். அவள் முப்பத்தாறு கிலோ. அவளுக்கு அடுத்து, திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்தின் இரட்டைப் பையன்கள் காத்திருக்கிறார்கள். அதற்குள் வலது கால் குதிகால் ரப்பரை மாற்றிவிட வேண்டும். இடது பக்கம் நன்றாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவேன்.